முதுமையும் இறைபணியும்

முப்பது நாற்பதாண்டு உத்தியோகத்தில் உழைத்தார் ஒருவர், குறித்த வயது வந்துழி அதனினின்றும் விடுவிக்கப்படுகின்றார். தமிழ்நாட்டு அரசுப்பணியில் நெடுங்காலம் 58 ஆக இருந்த அவ்வயது, 2020-ஆம் ஆண்டில் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. மாலையும் பொன்னாடையும் பெற்று வீடு சேர்ந்த அவர்க்கு முதற்றிங்கள் இனிது கழியும். இரண்டாந் திங்களில் நாள் நீளத்தொடங்கும். நேற்றுவரை தம் கையெழுத்தின்பொருட்டு வாயிலிற் காத்துநின்றார், இன்று வீதியில் எதிர்ப்பட்டும் காணாதார்போற் செல்வர். மக்கள் தத்தம் தொழின்மேற் சென்றுவிடுவர்; அவரைக் கேட்டுச் செய்யவேண்டுவது ஒன்றும் வீட்டில் இராது. அப்பொழுது அவருள்ளத்தே, "இனி நான் எதற்கு?" என்னும் வினா எழும்.

இவ்வினா வறுமையாற் பிறந்ததன்று; உபகாரச் சம்பளம் குறைவின்றி வரும் இல்லத்தும் எழுவது. நோயாற் பிறந்ததுமன்று, திடகாத்திரமுடையார்க்கே இது பெரிதும் எழுகின்றது. மனத்தளர்ச்சி மிக்கவிடத்து மருத்துவரை நாடுதல் முறையேயாம். ஆயினும் மருந்து தளர்ச்சியை மாற்றுமேயன்றி வினாவிற்கு விடை கூறாது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்நாட்டில் அறுபதாண்டு நிரம்பினோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டனர். இத்துணைப் பெருந்தொகையினர் முன் நிற்கும் ஒரு வினாவிற்குச் சித்தாந்த சாத்திரம் விடை தருமோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

உலகத்தார் தரும் விடைகள் இரண்டு. "உழைத்தது போதும், இனி ஓய்ந்திருங்கள்" என்பது ஒன்று. "கோயில் குளமென்று போய்வாருங்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினாற் சொல்லப்படுவனவே. எனினும் பயனுடைய வாழ்வு முடிந்துவிட்டது, எஞ்சியது பொழுதுபோக்கு என்னும் கருத்து இரண்டினுள்ளும் மறைந்து கிடத்தலை நோக்குக. பின்னதோ திருக்கோயிலையும் வேலையற்றார் காத்திருக்கும் சாவடியாக்கிவிடுகின்றது.

இனிச் சித்தாந்தம் கூறுமாறு. உயிர்க்குரிய இயல்புகளுள் தலையாயதாக மெய்கண்ட நூல்கள் வற்புறுத்துவது, அது சார்ந்ததன் வண்ணமாதல் என்பதாம். பளிங்கு தன்னருகே வைத்த செம்மலரின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் தான் எதனைச் சார்கின்றதோ அதுவேயாய் நிற்கும். மலத்தைச் சார்ந்துழி மலமேயாயும், சிவத்தைச் சார்ந்துழிச் சிவமேயாயும் நிற்றல் அதற்கு இயற்கை. ஒன்றையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு இல்லை.

இக்கருத்தை வைத்துக்கொண்டு முன்னையவரை நோக்கின், அவர் துயரின் மூலம் இனிது விளங்கும். நாற்பதாண்டு அவர் சார்ந்துநின்றது பதவி. பளிங்கு அம்மலரின் நிறத்தைத் தன்னிறமெனவே எண்ணியிருந்தது. மலர் அகற்றப்பட்ட அன்று, "என் நிறம் போயிற்று, யான் இல்லையாயினேன்" என்று கலங்குகின்றது. போயது மலர், பளிங்கு அன்று. ஆயின் இவ்வளவிற் சொல்லி அவரை ஆற்றுவித்தல் அமையாது. சாராது நில்லாத உயிரை, "ஒன்றையும் சாராதிரு" என்று விடுத்தல் இயலாததொன்றனை ஏவுதலாம். அவ்வாறு விடப்பட்டார் யாதாமொன்றைச் சார்ந்தே தீர்வர். பழைய அலுவலகத்தின் கதையைச் சார்வாரும் உளர். நாளிதழைக் காலை முதல் மாலைகாறும் சார்வாரும் உளர். மருமகள் அடுக்களையிற் செய்யும் குற்றங்களைச் சார்வாரும் உளர். ஆகலின் வேண்டப்படுவது ஓய்வன்று, நல்லதொரு சார்பு.

அற்றேல், முதுமையிற் கண்ணும் காதும் கையும் காலும் தளர்கின்றனவே, தளர்ந்த கருவி கொண்டு செய்யும் பணி யாது எனின், அதுவும் நூல்களான் ஆராயப்பட்டதே. தத்துவம் முப்பத்தாறனுள் ஞானேந்திரியமும் கன்மேந்திரியமும் ஆன்மதத்துவம் இருபத்துநான்கனுள் அடங்குவன. ஆணவத்தான் மறைப்புண்ட உயிரின் கிரியையை ஒருசிறிது எழுப்புவது கலை. அறிவை எழுப்புவது வித்தை. இச்சையை எழுப்புவது அராகம். இவை வித்தியாதத்துவத்தின்பாற் பட்டு அகத்தே நின்று தொழிற்படுவன. புறக்கருவி தளர்தல் கொண்டு அகக்கருவியும் அவ்வளவிற்கே தளர்ந்ததெனத் துணிதல் கூடாது. இச்சையும் அறிவும் செயலும் உயிர்க்கு இயல்பாகவுள்ள ஆற்றல்கள். அவை மாயையின் காரியங்கள் அல்ல. மாயையின் காரியமாகிய உடம்பே மூப்பது. எழுபதாண்டு நிரம்பியாரொருவர் எழுத்துத் தெரியாது கண்ணாடியைத் துடைக்கின்றாராயினும், படிக்கவேண்டும் என்னும் விழைவு அவர்பால் மூத்திலாமை காண்க.

பணி என்பதன் பொருளையும் இவ்விடத்தே வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். வினை வேறு, பணி வேறு. 'யான் செய்தேன், இதன் பயன் எனது' என்னும் முனைப்போடு செய்யப்படுவது வினை. அது செய்தானைப் பற்றி ஆகாமியமாய் ஏறும். அம்முனைப்பற்று, அவனருளாற் செய்கின்றேம் என்னும் உணர்வோடு செய்யப்படுவது பணி, அது பற்றாது. சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலை மலம் மாயை கன்மங்கள் நீங்குதற்கு நெறியாக வைத்தமை இதுபற்றியேயாம். செயல் ஒன்றேயாயினும் நிற்கும் நிலையால் வேறுபடும். ஊதியமும் பதவியுயர்வும் நோக்கிச் செய்த நாளிற் பணியாக மாட்டாத ஒன்று, அவ்விரண்டும் கழிந்த நாளிற் பணியாதற்கு இடமுண்டு. முதுமையின் அருமை இதுவென்க. பிறர் இழப்பென்று கருதுவது, பக்குவம் நோக்குவார்க்குத் தடை நீங்குதலாய் முடியும்.

இதற்குச் சந்தான வரலாற்றிலேயே தக்கதோர் இலக்கியம் உண்டு. திருத்துறையூரில் வாழ்ந்த ஆதிசைவர் ஒருவர் ஆகமங்களனைத்தும் கற்றுச் சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்றார். மாணவர் பலர் அவர்பாற் பயின்றனர். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர்க்கு அவர் குலகுரு. மகப்பேறின்றி வருந்திய அவரைத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்கச் செய்து திருவெண்காட்டிற்கு வழிப்படுத்தியவரும் அவரே. அங்ஙனம் பிறந்த குழந்தைதான் பின்னர்த் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் என விளங்கியது. தம் மாணவர் அச்சிறுவரை அடைந்து பாடங்கேட்டல் கண்டு பொறாராய்ப் பண்டிதர் அங்கே சென்றார். ஆணவமலத்தின் இயல்பை மெய்கண்டார் விளக்கிக்கொண்டிருந்த சமயம் அது. "ஆணவத்தின் சொரூபம் யாது?" என்று பண்டிதர் வினவ, மெய்கண்டார் மறுமொழியொன்றும் கூறாது வினாவினாரையே அடிமுதல் முடிகாறும் நோக்கியிருந்தனர். விடை விளங்கிற்று. முதியவர் இளையவரின் அடியில் வீழ்ந்தார். அருணந்தி என்னும் பெயர் பெற்று எழுந்தார்.

இவ்வரலாற்றை ஆசிரிய வணக்கத்தின் பெருமைக்கே பலரும் எடுத்துக்காட்டுவர். முதுமையின்மேல் வைத்தும் இதனைப் பார்க்கலாம். சகலாகம பண்டிதராய் அவர் நிகழ்த்திய பாடங்களும் வாதங்களும் எத்தனையோ இருந்திருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் இன்று நம் கையில் இல்லை. பெயர்மட்டுமே எஞ்சியது. பரபக்கம் சுபக்கம் என்னும் இரு பகுதியாகிய சிவஞானசித்தியாரும், ஆணவத்தின் செயலை ஆசிரியர்முன் வைத்து வினாவும் இருபாவிருபஃதும் அவர் விழுந்தெழுந்தபின் பிறந்தவை. கல்வி பழையதுதான், அது சார்ந்தவிடம் புதிது. பட்டத்தைச் சார்ந்திருந்துழி வாதமாய்க் கழிந்த அதே கல்வி, ஆசிரியனைச் சார்ந்துழிச் சாத்திரமாயிற்று. ஓய்வுபெற்றார் தம் பழைய திறமையைக் கழித்துவிடவேண்டுவதில்லை என்பதும், அதனை வைக்கும் இடத்தையே மாற்றவேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். அம்மாற்றத்திற்குரிய விலையும் இதிற் குறிக்கப்பட்டுள்ளது: தம்மின் இளையார்பால் கேட்டறிதற்கு நாணாமை. பல பெரியோர் இங்கேதான் நின்றுவிடுகின்றனர்.

திருநாவுக்கரசு சுவாமிகள் எண்பத்தோராண்டு வாழ்ந்தனர் என்பது வழிவழி வரும் வழக்கு. திருக்கயிலை காணவேண்டிப் புறப்பட்டு, அடி தேய்ந்துழிக் கையாற் சென்றும், கை தேய்ந்துழி மார்பால் உந்தியும், அதுவும் இயலாதுழிப் புரண்டும் போந்த அவரைப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச்செய்து இறைவன் ஆட்கொண்டான். கண்டற்கரிய காட்சி கண்டாயிற்று. இதன்மேல் ஆகவேண்டுவது யாது? ஓய்ந்திருக்கலாமே எனின், அவர் ஓய்ந்திலர். திருப்பூந்துருத்தியில் திருமடம் சமைத்தார். அங்கே எழுந்தருளிய ஞானசம்பந்தப் பிள்ளையாரின் சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராய்த் தோள்கொடுத்தார். பாண்டிநாட்டுத் தலங்களை வழிபட்டார். முடிவிற் புகலூரை அடைந்து உழவாரத் திருத்தொண்டிலேயே அமர்ந்தார்.

உழவாரம் என்பது நீண்ட காம்பின் முனையில் அகன்ற இரும்பலகுடையதாய்ப் புல்லைச் செதுக்குங் கருவி. முள்ளும் புல்லும் மண்டினால் அடியார் வலம்வருதற்கு இடையூறாம். அதனை நீக்குதல் அவர் மேற்கொண்ட பணி. இன்று செதுக்கிய புல் அடுத்த மழையில் மீண்டும் முளைப்பது. முடிந்தது என்று கைகழுவி அமர்தற்கு ஆகாத இத்தொண்டினையே அப்பெரியார் ஏற்றது சிந்திக்கத்தக்கது. உழவாரம் சென்ற இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்குமாறு இறைவன் செய்ய, அவர் அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்ப எண்ணி, உழவாரத்தாலேயே வாரி வாவியில் எறிந்தார் எனச் சேக்கிழார் கூறுவர். எறிந்தது இகழ்ச்சியினாலன்று. கூலி வந்து வீழ்ந்தால் பணி வினையாய்விடும், அதுவே காரணம். தவிரவும் அவை கிடந்த இடம் அடியார் கால் வைக்கும் இடம். மணியும் அங்கே முள்ளையொப்பதே.

சரியை தாழ்ந்ததென்றும் ஞானநூல் கற்றார் துடைப்பமெடுத்தல் ஆகாதென்றும் எண்ணுவாருக்கு இது விடை. தாசமார்க்கத்திற்கு இலக்கியமாக வைக்கப்பட்ட இவரை ஞானத்தாற் குறைந்தவரென்பார் யார்? சிவஞானபோதத்து இறுதிச் சூத்திரமும் மலங்கழுவிய ஞானிக்கே அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனத் தேறித் தொழுதலை விதித்தது. ஞானம் வந்தபின்னும் போகாத பணி, உபகாரச் சம்பளம் வந்தபின் போமென்றல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்தே வேறொன்றும் கூறாது செல்லல் இயலாது. உத்தியோகத்தினின்றும் நீங்கினாருட் சிலர் திருக்கோயிலை நாடுவது, இழந்த நாற்காலிக்கு ஈடாக வேறொன்று தேடியேயாம். அறங்காவலர் குழுவில் இடம், பரிவட்டம், முதன்மரியாதை, கல்வெட்டிற் பெயர் என்னும் இவற்றின்பொருட்டு எழும் வழக்குகள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காய்க் கிடக்கின்றன. இது பழைய மலரை அகற்றி அதே நிறத்து மலரைப் பளிங்கின் மருங்கே வைத்ததனோடொக்கும். மெய்யன்புடையார் சிலரும் அறியாமையாற் கேடு சூழ்கின்றனர். தூய்மை செய்வேம் என்று பழஞ்சுவரின்மீது சுண்ணம் அப்பிக் கல்வெட்டை மறைத்தலும், மணலை விசையோடு வீசிக் கற்சிற்பத்தின் முகத்தை மழுக்கலும் பலவிடத்தும் நிகழ்ந்தன. உழவாரம் புல்லைச் செதுக்குதற்கு உரியது, கல்லைச் செதுக்குதற்கன்று. விடுமுறைநாளிற் கூடித் திருக்கோயில்தொறும் சென்று புல்லும் குப்பையும் அகற்றும் அன்பர் கூட்டங்கள் இக்காலத்துத் தமிழகத்திற் பலவுள்ளன. கல்வெட்டறிந்த முதியார் ஒருவர் அக்கூட்டத்தில் உடனிருப்பின் பெரும் பயன் விளையும்.

உடம்புழைப்பிற்கு ஆற்றாதார்க்கு நூற்பணி உண்டு. சேக்கிழார் பெருமானே சோழப் பேரரசின் முதலமைச்சராய் விளங்கியவர். அநபாயச் சோழனின் விழைவின்படித் தில்லையை அடைந்து திருத்தொண்டர் புராணத்தைச் செய்து அரங்கேற்றியபின், அமைச்சுரிமை அவர்தம் இளவல் பாலறாவாயர்க்குச் செல்லத் தாம் தில்லையிற் றவமேற்கொண்டு வதிந்தார் எனச் சேக்கிழார் புராணம் கூறும். அநபாயன், 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கன் என்ப. அவர் அமைச்சராயிருந்து இட்ட ஆணைகளை இன்று எவரும் தேடுவதில்லை.

திருவாவடுதுறை மடத்திற் பயின்ற மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1855-இற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரிப் பதவியினின்றும் 1919-இல் நீங்கினார். பெருங்கதையை 1924-இலும், குறுந்தொகையை 1937-இலும் அவர் பதிப்பித்தனர். குறுந்தொகை வெளிவந்த ஞான்று அவர்க்கு வயது எண்பத்திரண்டு. தம் வரலாற்றை 1940-இல் ஆனந்த விகடனில் எழுதத்தொடங்கி, அது நிறைவுறாமுன் 1942-இல் மறைந்தார். சமயத்தால் வேறாயினும் போப்பையரையும் இவ்வரிசையில் நினைத்தல் தகும். 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் பிறந்த அவர், திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பிற்குத் தம் எண்பதாம் பிறந்தநாளன்று முன்னுரை வரைந்து 1900-இல் வெளியிட்டனர். தமக்கு மூப்பு வந்தமை சொல்லித் தயங்கிய அவரை, ஆக்ஸ்போர்டில் கல்லூரித் தலைவராயிருந்த ஜோவெட் என்பார், பெரும்பணி தொடங்கினார்க்கு ஆயுள் நீளும் என்னுங் கருத்துப்படப் பேசி ஊக்கினாரென அம்முன்னுரையிலேயே குறித்துள்ளார்.

இப்பெரியாரை எண்ணி, இவையெல்லாம் நமக்காமோ என ஒருவர் மலைத்தல் வேண்டா. சிறுபணிகள் பலவுள. ஏட்டுச்சுவடி படித்தலையே எடுத்துக்கொள்க. ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளியிராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேற்றுமையின்றி வரையப்பட்டிருக்கும். காலும் ரகரமும் ஒருதன்மையாய்த் தோன்றும். பொருளறிவும் யாப்பறிவும் உடையாரன்றி இதனைப் பிரித்துப் படித்தல் அரிது. கிரந்தம் விரைந்து படிப்பாரோ அருகி வருகின்றனர். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதியை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றது. சுவடிகளை ஒளிப்படமாக்கிக் கணிப்பொறியிற் சேர்க்கும் பணியில் இளைஞர் வல்லுநர். படமாக்கியதைப் படிக்கக் கற்பிப்பார் வேண்டும். வாரத்திற்கு ஒருநாள் இரண்டு மாணவர்க்கு ஒரு முதியவர் இதனைக் கற்பிப்பாராயின், அது சிறிதன்று. பேரனுக்கு நாடோறும் ஒரு திருப்பாடலைப் பிழையின்றிச் சொல்லிக்கொடுத்தலும், பள்ளியிற் பின்தங்கிய ஏழைச் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தலும் அவ்வாறே. கருவூலத்திற் கணக்கெழுதினார் ஒருவர்க்குப் பின்னது எளிது.

கருவி முற்றும் கெட்டார்க்கு என் செய்வது எனின், தண்டியடிகள் வரலாற்றை நோக்குக. பிறவியிலேயே கண்ணிலாராகிய அவர் திருவாரூர்த் திருக்குளத்தைக் கல்லி அகலமாக்கத் துணிந்து, குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச்சென்று மண்ணைக் கொணர்ந்து கொட்டினார். கண் வருமென்று காத்திருந்தாரல்லர். கணம்புல்ல நாயனாரோ பொருள் உள்ளபொழுது நெய்வாங்கி விளக்கெரித்தார். பொருள் தீர்ந்துழிக் கணம்புல் அரிந்து விற்று நெய் வாங்கினார். புல் விலைபோகாதுழிப் புல்லையே எரித்தார். பணி மாறவில்லை, அதற்குரிய வழியே மாறிற்று. நடக்கமாட்டாத முதியார்க்குத் தறி எது, கயிறு எது என்பதை அவரவர் வீட்டார் அமர்ந்து ஆராய்தல் வேண்டும். எழுதமாட்டாதார் சொல்ல மற்றொருவர் எழுதலாம். படிக்கமாட்டாதார்க்கு மற்றொருவர் படித்துக்காட்ட, அவர் பிழை திருத்தலாம்.

நினைவே கழன்றுவிட்ட முதியார் திறத்து மட்டும் இவ்வாறு கூறல் அமையாது. மக்கள் பெயரும், தம் பெயருந்தாமும் மறந்து படுக்கையிற் கிடப்பார் பலர் இக்காலத்து வீடுதோறும் உளர். அவர்பாற் பணியொன்றை எதிர்நோக்கல் கொடுமை. கலையும் வித்தையும் தொழிற்படாத கேவலத்திலும் உயிரை இறைவன் விட்டுநீங்கான் என்பது சாத்திரத் துணிபு. ஆகவே அவர் பயனற்றார் ஆகார். அந்நிலையிற் பணி அருகிருப்பார் கையது. அவரைக் குளிப்பாட்டலும், ஊட்டலும், சொன்னதையே சொல்லுங்காற் சினவாது கேட்டலும் அடியார் வழிபாட்டின் வேறல்ல. இத்தகையாருட் பலர், எல்லாம் மறந்தும், இளமையிற் பண்ணோடு பயின்ற பாடலை மறவாதிருத்தலை மருத்துவரும் கண்டு கூறுவர். மாலையில் விளக்கேற்றியபின் ஒருவர் அருகமர்ந்து, அவர் சிறுவயதில் ஓதிய பதிகத்தின் முதற்சீரை எடுத்துக்கொடுத்துச் சற்றே பொறுத்திருக்க, அடுத்த சீர் அவர் நாவில் வருதலும் உண்டு.